10 காசு சாப்பாட்டில் ஊரின் பங்கு 4 காசு: குடியாத்தம் எம்.எல்.ஏ காமராஜரின் நிதிக் கணக்கு

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வேணும். தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி வேணும். இதுக்கெல்லாம் காசு யார் போடணும்? முழுக்க அரசா? இல்லை, ஊரும் கொஞ்சம் போடணுமா? 'நமக்கு நாமே' திட்டத்தில் விண்ணப்பிக்கும் எந்த ஊருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் பெரிய அளவில் ஒரு பதிலை நடைமுறைப்படுத்திக் காட்டியவர் காமராஜர். அவர் பிறந்த ஜூலை 15-ஐ கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளில் கொண்டாடுறோம். மதிய உணவு தந்தவர், பள்ளிகள் திறந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் திட்டங்களுக்கு அவர் பணம் சேர்த்த விதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதேபோல, மதிய உணவுத் திட்டம் தொடங்கிய 1956-ல் அவர் எந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ என்று கேட்டால் பலரும் விருதுநகர் என்பார்கள். சரியான பதில், குடியாத்தம்.

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்திலிருந்துதான் அவர் சட்டமன்றத்துக்குள் முதலமைச்சராக நுழைந்தார். அந்த வாழ்க்கையை, அதில் ஓடிய நிதிக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம்.

பிடி அரிசியில் நடந்த பள்ளி

1903 ஜூலை 15-ல் விருதுபட்டியில் பிறந்தார் காமராஜர். இன்றைய விருதுநகர்தான் அந்த ஊர். அப்பா குமாரசாமி, தேங்காய் வியாபாரி. அம்மா சிவகாமி அம்மாள். காமராஜருக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார்.

அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை அரசுப் பள்ளி இல்லை. 1889-ல் விருதுநகர் நாடார் சமூகத்தினர் தொடங்கிய பள்ளி அது. அதை நடத்தக் காசு வந்த வழி சுவாரசியமானது. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். சேர்ந்த அரிசியை வாங்கிப்போய் விற்று, அந்தப் பணத்தைப் பள்ளிக்குப் போடுவார்கள். வியாபாரிகள் தங்கள் வரவில் 'மகமை' என்று ஒரு பங்கை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்குவார்கள். அரசு கை கொடுக்காத காலத்தில் ஒரு ஊர் தானே பள்ளி நடத்திய கதை இது.

ஆனால் அந்தப் பள்ளியிலும் காமராஜர் அதிக நாள் படிக்கவில்லை. குடும்ப நிலைமை அப்படி. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளி இலவசம்தான், ஆனாலும் வறுமை பையனை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடம் கட்டிவிட்டால் மட்டும் போதாது, பிள்ளையின் வயிற்றுக்கும் வழி சொல்லணும் என்ற பாடம் இதில் இருக்கிறது. பின்னால் அவர் செய்த வேலைகளோடு இதைப் பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியாது.

வேலூர் சிறையில் இருந்தபடியே நகராட்சித் தலைவர்

பதினாறு, பதினேழு வயதிலேயே காங்கிரஸ் பக்கம் போனார். 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக முதல் சிறைவாசம். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார்.

அதே ஆண்டு டிசம்பரில் குண்டூரில் கைது செய்யப்பட்டார். யுத்த நிதிக்குப் பணம் தரக் கூடாது என்று பேசியதுதான் குற்றம். அடைக்கப்பட்ட இடம், வேலூர் மத்தியச் சிறை. அவர் உள்ளே இருக்கும்போதே விருதுநகரில் அவரை நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1941 நவம்பரில் விடுதலையானதும் அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். கட்சி வேலைகளுக்கு நடுவே முழுநேரம் கொடுக்க முடியாத ஒரு பொறுப்பைப் பெயருக்கு வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை.

1942-ல் மறுபடியும் கைது. இந்த முறை மூன்று ஆண்டுகள். 1945-ல்தான் வெளியே வந்தார். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், அவர் சிறையில் இருந்தது சுமார் ஒன்பது ஆண்டுகள்.

ஏன் குடியாத்தம்?

1953-ல் ராஜாஜி அரசு புதிய ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டு வந்தது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கணும் என்ற திட்டம். எதிர்த்தவர்கள் இதைக் குலக்கல்வி என்றார்கள். எதிர்ப்பு வலுத்து, ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரல் 13-ல் காமராஜர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு சிக்கல் இருந்தது. அவர் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியின் எம்.பி. சட்டமன்ற உறுப்பினர் இல்லை. ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு தொகுதியில் ஜெயித்தாகணும். சொந்த ஊர்ப் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்தால், வடக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் குடியாத்தத்தில் நின்றார். உறவோ, சாதி பலமோ கைகொடுக்காத இடம்.

அன்றைய குடியாத்தம் தறி ஓடும் ஊர். லுங்கி, கைத்தறி, தீப்பெட்டி, பீடி. பக்கத்துப் பேரணாம்பட்டில் தோல் ஷாப்புகள். கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கும் தொழிலாளர்கள் நடுவே நல்ல செல்வாக்கு. எதிர்த்து நின்றவரும் கம்யூனிஸ்ட் தலைவர் வி.கே.கோதண்டராமன்தான். ஆனால் காங்கிரஸைக் கடுமையாக எதிர்த்த பெரியாரும், அண்ணாவின் தி.மு.க.வும் காமராஜரை ஆதரித்தார்கள். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 1957 பொதுத்தேர்தலில் சாத்தூருக்கு மாறும் வரை அவர் குடியாத்தம் எம்.எல்.ஏ.

பணம் இல்லாத அரசு, பள்ளி இல்லாத ஊர்

முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிரே இருந்த பிரச்னை எளிமையானது, ஆனால் பெரியது. பள்ளியே இல்லாத ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பள்ளி இருந்த ஊர்களிலும் பிள்ளைகள் வரவில்லை. எல்லாவற்றையும் அரசே செய்யப் போதுமான பணம் இல்லை.

இங்கே அவருக்குக் கை கொடுத்தவர்கள் இரண்டு பேர். நிதி, கல்வி இரண்டு துறைகளையும் கையில் வைத்திருந்த அமைச்சர் சி.சுப்பிரமணியம். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு.

முதலில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி. படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்காக மத்திய அரசு ஒரு நிதித் திட்டம் வைத்திருந்தது. ஆரம்பத்தில் மத்திய அரசின் பங்கு அதிகம். போகப் போக அது குறையும், சுமை மாநிலத்தின் தலையில் விழும். பின்னால் வரும் செலவுக்குப் பயந்து ஒதுங்கியிருக்கலாம். காமராஜர் அரசு அந்தப் பணத்தை வாங்கி, பள்ளி இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகளைத் திறந்தது. சின்ன ஊராக இருந்தாலும் நடந்துபோகும் தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கணும் என்பது இலக்கானது. எந்த ஊரில் பள்ளி இல்லை என்று கண்டறிய, அழகப்பச் செட்டியார் தலைமையில் ஒரு குழு ஆய்வும் செய்தது.

6 காசு, 4 காசு

அடுத்தது சாப்பாடு. பள்ளியில் மதிய உணவு என்பது முழுக்கப் புதிய யோசனை இல்லை. 1920-லேயே நீதிக்கட்சி காலத்தில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளி ஒன்றில் இதைத் தொடங்கியிருந்தது. மாநிலம் முழுக்க எப்படிக் கொண்டு போவது என்பதுதான் கேள்வி.

1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். அப்போது அது ஊர் மக்களின் நன்கொடையில் நடந்த ஏற்பாடு. அரசுப் பணம் வரவில்லை. ஊர்க்காரர்கள் ஒரு குழு அமைக்கணும். அரிசியோ, கேழ்வரகோ, காய்கறியோ, விறகோ, பணமோ கொடுக்கணும். தலைமை ஆசிரியரும் குழுவும் கணக்கு வைத்துச் சமைத்துப் போடணும்.

ஊர்கள் முன்வந்ததைப் பார்த்த பிறகு, 1957 நவம்பரில் அரசு மானியம் தரத் தொடங்கியது. அந்தக் கணக்குதான் முக்கியம். ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு என்று வைத்துக்கொண்டார்கள். அதில் அரசு 6 காசு தரும். மீதி 4 காசு ஊர் தரணும்.

இதை ரெண்டு விதமாகப் பார்க்கலாம். முதலாவது, வெறும் சிக்கனம். 10 காசு வேலையை அரசு 6 காசில் முடித்தது. இரண்டாவது, பொறுப்பு. 4 காசு போட்ட ஊர் சும்மா இருக்காது. அரிசி ஒழுங்கா வந்துச்சா, சாம்பாரில் பருப்பு இருக்கா என்று எட்டிப் பார்க்கும். அதிகாரி சென்னையில் இருந்து வந்து பார்க்கத் தேவையில்லை.

1961 முதல் அமெரிக்காவின் 'கேர்' அமைப்பு பால் பவுடர், எண்ணெய் போன்ற பொருட்களைத் தந்து உதவியது. திட்டம் இன்னும் பரவியது.

பள்ளிச் சீரமைப்பு மாநாடு

மதிய உணவில் வேலை செய்த அதே முறையைக் கட்டடத்துக்கும் கொண்டு போனார்கள். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பெயரைக் கேட்டால் மேடைப் பேச்சு மாதிரி தெரியும். உள்ளே நடந்தது வேற.

மாநாட்டுக்கு முன்பே ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று பட்டியல் போடுவார்கள். கூரை, கரும்பலகை, பெஞ்சு, குடிநீர்ப் பானை, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சீருடை. அந்தப் பட்டியலை வைத்து ஊரில் நன்கொடை திரட்டுவார்கள். பணம் இல்லாதவர் உழைப்பைத் தரலாம், மரம் தரலாம், இடம் தரலாம். மாநாட்டு நாளில் யார் என்ன கொடுத்தார்கள் என்பது எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும். பல மாநாடுகளுக்குக் காமராஜரே போனார். இப்படிச் சேர்ந்த பொருள்களின் மதிப்பு கோடிகளைத் தொட்டது. அன்றைய கோடி என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டு வரிக்கு இணை மானியம்

நன்கொடை என்பது மனசு சார்ந்தது. இந்த வருஷம் தருவார்கள், அடுத்த வருஷம் தரமாட்டார்கள். அதனால் சட்டத்திலும் இதே கணக்கைச் சேர்த்தார்கள்.

நாடு முழுக்கச் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1952 அக்டோபர் 2-ல். அதன் தொடர்ச்சியாக 1958-ல் சென்னை மாகாண ஊராட்சிச் சட்டம் வந்தது. பழைய ஜில்லா போர்டுகள் போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. இன்றும் பெயர்ப்பலகையில் பார்க்கிறோமே, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, அந்தப் பெயர் இந்த மாற்றத்தில் பிறந்தது.

அந்தச் சட்டத்தில் இருந்த ஒரு ஏற்பாடு, வீட்டு வரி இணை மானியம். ஒரு ஊராட்சி வீட்டு வரியாக எவ்வளவு வசூலிக்கிறதோ, அதற்கு இணையான தொகையை அரசு தரும். 500 ரூபாய் வசூலித்தால் இன்னொரு 500. வசூலிக்கவே இல்லையென்றால் அந்த மானியமும் இல்லை. 4 காசு வந்தால் 6 காசு என்ற அதே தர்க்கம்தான், இங்கே வரிக் கணக்காக மாறியது.

கணக்கு எங்கே இடிக்குது?

இதுவரை படிக்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. அதைப் பார்க்க தோல் வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடையாது.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கல்விக்கு வாரிக் கொடுத்தார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-லேயே வந்துவிட்டது. மேல்விஷாரத்தில் 1965-ல் சி.அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரி வந்தது. விருதுநகரின் மகமை மாதிரியே, இங்கும் வியாபாரச் சமூகத்தின் பணம் பள்ளியாகவும் கல்லூரியாகவும் மாறியது. இப்படிப்பட்ட ஊருக்கு 4 காசு ஒரு விஷயமே இல்லை.

அதே வட்டாரத்தில் இன்னொரு பக்கமும் இருந்தது. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை செய்தவர்கள், ஆவாரம்பட்டை சுமந்தவர்கள், வீட்டில் பீடி சுற்றியவர்கள், சவ்வாது மலையில் சாமையும் தினையும் விதைத்தவர்கள். இவர்கள் வாழ்ந்த சேரிகளிலும் மலை ஊர்களிலும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு மற்றவர்களைவிட அவசரமாகத் தேவை. ஆனால் 4 காசு தர அங்கே ஆள் இல்லை. பிடி அரிசி ஒதுக்கி வைக்க முதலில் பானையில் அரிசி இருக்கணும் இல்லையா?

அதாவது, ஊர் தந்தால்தான் அரசு தரும் என்ற விதியை அப்படியே வைத்தால், வசதியான ஊருக்கு அரசுப் பணமும் சேர்ந்து போகும். இல்லாத ஊருக்கு ரெண்டும் கிடைக்காது. இணை மானியத்தின் மிகப் பெரிய ஆபத்து இது.

காமராஜர் அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் இணை மானியத்தில் விடவில்லை. பள்ளி திறப்பதும் ஆசிரியர் சம்பளமும் நன்கொடையைச் சார்ந்து இருக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாத கல்வி படிப்படியாக வந்தது. சோறு, சீருடை, கட்டடம் போன்றவற்றில்தான் ஊரின் பங்கைக் கேட்டார்கள். ஆனாலும் மதிய உணவு எல்லாப் பள்ளிக்கும், எல்லா ஏழைப் பிள்ளைக்கும் அவர் காலத்தில் போய்ச் சேரவில்லை.

அந்த இடைவெளியை அடைக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆனது. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊரின் பங்கு என்ற நிபந்தனை இல்லாமல் அரசே செலவை ஏற்றது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அரசுப் பணத்தில்தான் நடக்கிறது. பசி விஷயத்தில், ஊர் தருகிறதா என்று பார்த்துச் சோறு போட முடியாது என்ற முடிவுக்குத் தமிழ்நாடு வந்துவிட்டது.

1963-க்குப் பிறகு

1963 அக்டோபர் 2-ல் காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்பணும் என்று அவரே முன்வைத்த திட்டம், அவரிடமிருந்தே தொடங்கியது. 1964-ல் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். நேருவுக்குப் பிறகு சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பிறகு இந்திரா காந்தி என்று இரண்டு பிரதமர்கள் தேர்வானதில் அவர் பங்கு பெரியது.

ஆனால் 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த தி.மு.க.வின் பெ.சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டுகள். யாரும் தெரியாத குடியாத்தம் ஜெயிக்க வைத்தது, எல்லாரும் தெரிந்த விருதுநகர் தோற்கடித்தது. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனார்.

1975 அக்டோபர் 2-ல், காந்தி பிறந்த நாளில், சென்னையில் 72 வயதில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து என்று எதுவும் இல்லை. ஒன்பதரை ஆண்டுகள் ஒரு மாநிலத்தின் கஜானாவைக் கையில் வைத்திருந்தவர் விட்டுப்போனது கொஞ்சம் ரொக்கம், சில வேட்டி சட்டைகள், புத்தகங்கள். ஊரிடம் நன்கொடை கேட்பவரின் மேல் ஊருக்கு நம்பிக்கை இருக்கணும். 4 காசு சேர்ந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். 1976-ல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது.

இப்போ அந்தக் கணக்கு எங்கே இருக்கு?

காமராஜரின் கணக்கு முழுசாகப் போய்விடவில்லை. 1997-ல் தி.மு.க. ஆட்சியில் வந்த 'நமக்கு நாமே' திட்டம், 2011-க்குப் பிறகு அ.தி.மு.க. ஆட்சியில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021-ல் மறுபடியும் பழைய பெயருக்கு வந்தது. பொது விதி, வேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தரணும். மீதியை அரசு தரும். பள்ளிக் கட்டடம், சுற்றுச்சுவர், குடிநீர், நூலகம், நீர்நிலை சீரமைப்பு என்று பல வேலைகள் இதில் வரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் ஊரின் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறையும்.

ஒரு கணக்குக்கு, 6 லட்ச ரூபாயில் ஒரு பள்ளிக்குக் கழிவறை கட்டணும் என்று வைத்துக்கொள்வோம். பொது விதிப்படி ஊர் 2 லட்சம் தரணும். ஆதிதிராவிடர் பகுதியில் 1 லட்சத்து 20 ஆயிரம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி மனசு வைத்தால் ஒரே காசோலையில் 2 லட்சம் முடிந்துவிடும். பேரணாம்பட்டு ரோட்டில் பீடி சுற்றும் குடும்பங்கள் வாழும் காலனிக்கு 1 லட்சத்து 20 ஆயிரமும் பெரிய தொகை. சலுகை இருக்கு, ஆனால் சுவர் இன்னும் உயரமாகத்தான் இருக்கு.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஊரின் பங்கை அந்தத் தெருக்காரர்களே தரணும் என்று கட்டாயம் இல்லை. தனியார் நிறுவனங்களும், சங்கங்களும், வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்களும் தரலாம். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்திலும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடணும். ஏற்றுமதி நடக்கும் தோல் வட்டாரத்தில் இந்தப் பணம் எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பது கேட்கவேண்டிய கேள்வி. ஏற்கெனவே வசதியாக இருக்கும் பள்ளிக்கு இன்னொரு ஸ்மார்ட் வகுப்பறையா, அல்லது தண்ணீர் வராத ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குக் கழிவறையா?

உங்க ஊருக்கு இது வேணுமா? கிராமப் பகுதி என்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, பங்குத் தொகை தருவதற்கான உறுதியோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுகலாம். உங்க பகுதிக்கு மூன்றில் ஒன்றா, ஐந்தில் ஒன்றா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. சலுகை இருப்பது தெரியாமலே கைவிடப்பட்ட வேலையாக உங்க ஊர் வேலை இருக்க வேண்டாம்.